மகத்தில் சேலையின் நீளம்

மகத் என்றவுடன் இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வரும். 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கரும் அவருடன் ஊர்வலமாகச் சென்றோரும் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தது ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு மனுஸ்மிருதி தீயிலிடப்பட்டது மற்றொன்று. பாடநூல்களும் நினைவு நாள் கட்டுரைகளும் பெரும்பாலும் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றன. டிசம்பர் மாநாடு முடியும் தறுவாயில், அங்கே திரண்டிருந்த பெண்களை நோக்கி அம்பேத்கர் தனியாக ஓர் உரை நிகழ்த்தினார். வாழ்க்கை வரலாறுகளில் அது ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். பலவற்றில் அதுவும் இல்லை. சேலையை எவ்வளவு நீளம் விட்டு உடுத்த வேண்டும், கழுத்தில் எத்தனை மாலைகள் வேண்டும், கைவளை எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்பவை அவ்வுரையில் பேசப்பட்ட பொருள்கள். நூலெரிப்பின் கனலுக்குப் பக்கத்தில் இது வீட்டுப் பெரியவர் ஒருவரின் அறிவுரையைப் போலத் தோன்றலாம். அந்தத் தோற்றமே இவ்வுரையைப் பலர் கடந்து சென்றுவிடக் காரணமாயிற்று.

உரையின் தொடக்கம் தாய்மையைப் பற்றியது. ஆண்களைப் பெற்றவர்கள் நீங்கள். ஒழுக்கத்தில் எந்தச் சாதிப் பெண்ணுக்கும் நீங்கள் குறைந்தவர்களல்லர். அவ்வாறிருக்க, அவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பு உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியை அவர் அப்பெண்களின் முன் வைத்தார். அங்கிருந்து உடைக்கு வருகிறார். நீங்கள் சேலை உடுத்தும் முறையே நீங்கள் தீண்டப்படாதவர்கள் என்பதற்குச் சாட்சி சொல்கிறது; அந்தச் சாட்சியை அழித்துவிடுங்கள். கழுத்து நிறைய மணிமாலைகளும் முழங்கை வரை வெள்ளீய, வெள்ளி வளைகளும் அதே வேலையைச் செய்கின்றன. நகை வேண்டுமென்றால் பொன்னில் அணியுங்கள், இயலாவிட்டால் அணியாமலே இருங்கள். அந்தப் பணத்தில் நல்ல துணி வாங்கலாம். துணி ஒட்டுப்போட்டதாக இருந்தாலும் தூய்மையாக இருக்கட்டும். செத்த மாட்டின் இறைச்சியை வீட்டுக்குள் விடாதீர்கள். குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள். பெண் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள். உடை, உணவு, பள்ளி என அனைத்தும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இவை யாவும் ஒரு குடும்பத்தில் பெண்ணின் கையால் நடப்பவை.

உரைக்குப் பின் நிகழ்ந்தது அதனினும் குறிப்பிடத்தக்கது. மகத் போராட்டத்தில் அம்பேத்கருடன் நின்ற சாதி இந்துக்களான சித்ரே, டிப்னிஸ் ஆகியோரின் மனைவியர், கணுக்கால் வரை சேலையை இறக்கி உடுத்தும் முறையை அப்பெண்களுக்குக் காட்டிக் கொடுத்தனர். வந்தபோது ஒரு விதமாக உடுத்தியிருந்தவர்கள் ஊர் திரும்பும்போது வேறு விதமாக உடுத்திச் சென்றனர்.

சேலையின் நீளத்தில் அப்படி என்ன இருந்தது? மகர் பெண்கள் கெண்டைக்கால் தெரிய உயர்த்தி உடுத்தியதற்கு உழைப்பின் வசதி ஒரு காரணம் என்று சொல்லலாம். ஆனால் வசதிக்காகப் பிறந்த வழக்கம் வேறு, மீறினால் தண்டனை உண்டு என்ற விதி வேறு. மகர் குடும்பத்தில் பிறந்த பேபி காம்ப்ளே 1986இல் நூலாக வெளிவந்த தம் மராத்தித் தன்வரலாற்றில் இவ்விதியின் நுட்பத்தைப் பதிவு செய்கிறார். சேலையின் கரை வெளியே தெரியும்படி உடுத்துவது மேல்சாதிப் பெண்களுக்கு மட்டும் உரியது. மகர் பெண் அதே கரைச் சேலையை வாங்கினாலும் கரையைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும். துணி ஒன்றுதான், விலையும் ஒன்றாக இருக்கலாம், கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே சாதி. இதற்கான பழைய சட்டம் டிசம்பர் 25 இரவில் எரிந்த நூலிலேயே இருக்கிறது. சண்டாளர்களுக்குப் பிணத்தின் துணியே உடை, இரும்பே அணிகலன் என்று பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. ஏட்டிலிருந்த விதியைத் தீயிலிட்ட கூட்டம் ஓரிரு நாளில் உடலிலிருந்த விதியைக் களைந்தது என்று பார்த்தால், அவ்வுரை மாநாட்டின் பிற்சேர்க்கையாகத் தோன்றாது.

இத்தகைய விதிகள் மராத்தி நிலத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் தந்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாண்டம் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டும் போதவில்லை போலும். 1931 ஜூனில் மேலும் பதினொன்று வந்தன, அவற்றில் படிப்புக்கும் தடை இருந்தது. இப்பட்டியலை வாசிக்கையில் ஒன்று புலப்படும். உயிர் வாழத் தேவையான துணியை அது பறிக்கவில்லை. நன்றாக உடுத்துவதை, அதாவது தன்னையும் தன் மக்களையும் பேணுவதன் வெளித் தோற்றத்தை, அது ஒவ்வொன்றாக எண்ணித் தடுக்கிறது. பூவையும் மஞ்சளையும் கூட மறக்காத அந்தக் கவனம் வியப்பூட்டுவது.

மொழியியல் பயின்றோர்க்கு இது புதிய செய்தி ஆகாது. மொராவிய ஸ்லோவாக்கியாவின் நாட்டார் உடையைப் பற்றி 1937இல் எழுதிய பொகத்திரியோவ், உடை ஒரே வேளையில் பொருளாகவும் குறியாகவும் இயங்குகிறது என்றார். ஒரு மொழியைக் கற்பதுபோல உடையின் குறிகளையும் கற்றே வாசிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் ஆராய்ந்த கிராமங்களின் உடையை விட, இங்கே ஒன்று கூடுதலாக உள்ளது: குறியை அணிபவர் அதைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. பிறர் வாசிப்பதற்காகப் பிறர் எழுதிய எழுத்து அது. அடையாளத்தை அழித்துவிடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னது அழகியல் பேச்சாகத் தோன்றினாலும், குறியற்றவராக ஊருக்குள் நடந்து செல்லும் உரிமையையே அது கேட்டது.

நல்லுடை எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை அவர் சிறுவயதிலேயே கண்டிருந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பின் முதல் நிகழ்ச்சி 1901ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவருக்கு அப்போது ஒன்பது வயது. தாய் இறந்துவிட்டார். தந்தை வேலை நிமித்தம் கோரேகாவில் காசாளராக இருக்கிறார். கோடை விடுமுறைக்கு வரும்படி அவர் எழுதியவுடன் சாத்தாராவிலிருந்து பிள்ளைகள் புறப்பட ஆயத்தமாகிறார்கள். ஆங்கிலேயப் பாணியில் தைத்த புதுச் சட்டை, மணி பதித்த பளபளக்கும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. இவ்வளவும் அந்தப் பயணத்துக்காகவே வாங்கப்பட்டவை. தாயில்லாப் பிள்ளைகளைத் தந்தையிடம் அனுப்பும் ஒரு குடும்பம் அவர்களை எவ்வளவு பேணியது என்பதற்கு இந்தத் துணிப் பட்டியலே போதும். நாற்பது ஆண்டுகள் போல் கழிந்த பின்னும் அவர் அதில் ஒன்றையும் மறக்கவில்லை.

மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அவர்கள் வரும் நாளைத் தெரிவித்த கடிதம் தந்தையின் கைக்குச் சேரவில்லை. அழைத்துப்போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி அருகில் வந்து பரிவுடன் விசாரித்தார். உடையையும் பேச்சையும் கண்டு பிராமணப் பிள்ளைகள் என்றே அவர் எண்ணியிருந்தார். நீங்கள் யார் என்று கேட்டதற்குச் சிறுவன் சற்றும் யோசிக்காமல் மகர் என்று சொன்னான். அதிகாரியின் முகம் மாறியது. அவர் விலகித் தம் அறைக்குச் சென்றார். நிலையத்துக்கு வெளியே நின்ற வண்டிக்காரர்கள் எவரும் அவர்களை ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இறுதியில் இரட்டிப்புக் கூலி தருவதாகவும், பிள்ளைகளே வண்டியை ஓட்டுவதாகவும் பேசி முடித்த பிறகே, வண்டிக்காரர் ஒருவர் கூட நடந்து வர இசைந்தார். அன்றிரவு கையில் கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பசியோடு படுத்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சாதிக் கொடுமையின் சான்றாகவே எல்லோரும் வாசிக்கிறார்கள், அது சரியே. ஆனால் அதில் உடையைப் பற்றிய கூர்மையான அறிவும் உள்ளது. சட்டையும் தொப்பியும் சிறிது நேரம் உண்மையாகவே வேலை செய்தன. ஒரு மனிதர் குழந்தைகளைக் குழந்தைகளாகப் பார்த்துப் பரிவு காட்டினார். பின் ஒரு சொல் அவ்வளவையும் கலைத்தது. நல்லுடை சாதியை ஒழித்துவிடும் என்று நம்பும் வாய்ப்பு ஒன்பது வயதிலேயே அம்பேத்கருக்கு இல்லாமற்போயிற்று. அப்படியிருந்தும் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து மகத்தில் நன்றாக உடுத்துங்கள் என்று சொன்னார் என்றால், உடையிடம் அவர் எதிர்பார்த்தது பிறருடைய மனமாற்றத்தை மட்டுமாக இருந்திருக்க முடியாது.

இங்கே திருவிதாங்கூரின் நெடிய வழக்கை நினைவுகூர்தல் பொருந்தும். தோள்சீலைக் கலகம் எனத் தமிழில் வழங்கும் அப்போராட்டம் பெரும்பாலும் மானத்தைக் காக்க நடந்த போராட்டமாகவே சொல்லப்படுகிறது. அரசாணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வழக்கு வேறு இடத்தில் இருப்பது தெரியும். கர்னல் மன்றோ காலத்து 1814ஆம் ஆண்டு ஆணை, கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் சட்டை அது. தமிழுக்கும் பழைய சொல். மிஷனரிமாரின் மனைவியர் இதற்கேற்பத் தளர்ந்த ஒரு சட்டையை வடிவமைத்தனர். ஆனால் பெண்கள் அதன்மீது நாயர் பெண்களைப் போல மேல்முண்டும் போட்டுக்கொண்டார்கள். சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் வழிபாட்டுக் கூடங்களும் எரிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு ஆணை குப்பாயத்தை அனுமதித்து மேல்முண்டை மறுத்தது. கலகம் 1858இல் மீண்டும் வெடித்துச் சென்னை ஆளுநர் திரெவிலியன் தலையிட்ட பின், 1859 ஜூலையில் வந்த அரசாணை எல்லாச் சமயத்து நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றது. கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எவ்விதமாகவும் மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது.

அந்தக் கடைசி விலக்கில் வழக்கின் உயிர் இருக்கிறது. மறைப்பதற்கு அரசு இசைந்தது, ஒத்திருப்பதற்கு இசையவில்லை. முரட்டுத் துணி என்று நெசவின் தரத்தைக்கூட ஆணை குறித்து வைத்தது. மானம் ஒன்றே நோக்கமாக இருந்திருந்தால் 1814இலேயே, குறைந்தது கிறித்தவப் பெண்களின் அளவிலாவது, வழக்கு தீர்ந்திருக்கும். அப்பெண்கள் மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் கேட்டது, தாம் விரும்பியவாறு நன்றாக உடுத்தும் உரிமையை.

அதே சமஸ்தானத்தில் இது வேறு வடிவிலும் நடந்தது. 1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் பனியனும் தலைப்பாகையுமாக வில்வண்டியில் ஏறிப் பொதுவழியில் சென்றார். 1915இல் பெரிநாட்டுக் கலவரத்துக்குப் பின் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூட்டம் கூட்டப்பட்டது. அங்கே புலையர் பெண்கள் கழுத்தில் அணிந்தே தீர வேண்டியிருந்த கல்மாலைகளை அறுத்துக் குவித்தனர். மகத்தில் பேசப்பட்ட மணிமாலைக்கும் கொல்லத்துக் கல்மாலைக்கும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பூட்டை வெவ்வேறு கைகள் திறந்தன.

மகத் உரைக்கு எதிராக ஆய்வுலகில் எழுப்பப்படும் வினாக்கள் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. மேல்சாதிப் பெண்ணின் உடையை அளவுகோலாக வைப்பது போலச்செய்தல் ஆகாதா? எம். என். சீனிவாஸ் பின்னாளில் சமஸ்கிருதமயமாதல் எனப் பெயரிட்ட போக்கோடு இதற்கு உறவு இல்லையா? குடும்பத்தின் மதிப்பைப் பெண்ணின் உடலில் ஏற்றி வைப்பது அவளுக்கு மற்றுமொரு சுமையாகாதா? மூன்றாவது வினா வலுவானது. தூய்மைக்கும் உடைக்கும் பொறுப்பைப் பெண்ணிடம் விடும்போது ஆணின் கடமை சற்று மங்கத்தான் செய்கிறது. குடிகாரக் கணவனுக்குச் சோறு போடாதே என்ற வரி மட்டும் அதை ஓரளவு ஈடு செய்கிறது. முதல் இரண்டும் அவ்வளவு வலுவானவை அல்ல. சமஸ்கிருதமயமாதலில் மேலோரின் சடங்கும் தெய்வமும் உணவு விலக்கும் கைக்கொள்ளப்பட்டு, ஏணி அப்படியே நிற்கும். மகத்தில் அந்தச் சடங்குகளுக்கான நூல் எரிந்துகொண்டிருந்தது. சேலையின் நீளத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னிருந்த தரவரிசையைத் தூக்கி எறிந்தவர்களைப் போலச்செய்தோர் என்பது பொருந்தாது.

காந்தியின் உடையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். ஏழையோடு தம்மை ஒன்றாக்கிக்கொள்ளும் அச்செயலின் நேர்மையை ஐயுறத் தேவையில்லை. ஆனால் துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், மதுரைக்குத் தெற்கே அதிக தொலைவில் இல்லாத ஊர்களில், இடுப்புக்கு மேல் துணி கூடாது என்று ஆணையிடப்பட்டவர்களுக்கு அரையாடை எளிமையின் சின்னமாக எப்படித் தெரியும்? அம்பேத்கரின் கோட்டும் கழுத்துப்பட்டையும் மேலைநாட்டு மோகம் என எள்ளப்பட்டதுண்டு. பிணத்தின் துணி விதிக்கப்பட்ட மரபில் பிறந்த ஒருவர் அளவெடுத்துத் தைத்த உடையில் சபைக்கு வருவதன் பொருளை, ஒட்டுப்போட்ட துணியையும் வெளுத்து உடுத்திய அப்பெண்கள் எளிதாகவே விளங்கிக்கொண்டார்கள்.

வெளுத்து உடுத்துதல் என்பதில்தான் குளமும் சேலையும் ஒன்று சேர்கின்றன. அழுக்கு நீங்கத் தண்ணீர் வேண்டும். பொது நிதியால் பேணப்படும் நீர்நிலைகள் அனைவர்க்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. மகத் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. ஆனாலும் மார்ச் நிகழ்ச்சிக்குப் பின் குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. டிசம்பரில் மீண்டும் நீரெடுக்க வந்தவர்களை நீதிமன்றத் தடையாணை நிறுத்தியது. நீரைத் தடுத்துவிட்டு அழுக்கைக் காரணம் காட்டும் இந்தத் தர்க்கத்தின் நடுவே நாள்தோறும் குடத்தோடு நின்றவர்கள் பெண்கள். கணவன் வேட்டியையும் பிள்ளையின் ஒரே சட்டையையும் எங்கே அலசுவது, மறுநாள் பள்ளிக்கு அது காய்ந்திருக்குமா, வகுப்பில் பிள்ளையை எங்கே உட்கார வைப்பார்கள் என்ற கணக்குகள் அவர்களுடையவை. குளத்து நீருக்கான கோரிக்கையை வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அது சோறும் துணியும் குழந்தையுமாகத்தான் தெரியும். அம்பேத்கர் அன்று பேசியது அந்த இடத்திலிருந்து பார்த்தவர்களிடம்.

மகத் மாநாடு கலைந்து ஒரு வாரம் கடந்தபோது, 1928 ஜனவரி 4ஆம் நாளிட்ட டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் இந்தூர் சமஸ்தானத்துச் செய்தி ஒன்று வந்தது. அம்பேத்கர் அதைப் பின்னர் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்தாண்டார். கனாரியா, பிச்சோலி ஹப்சி, பிச்சோலி மர்தானா முதலிய ஊர்களில் கலோட்டா, ராஜபுத்திரர், பிராமணர் ஆகியோர் பலாய் சாதியினருக்கு விதிகள் வகுத்து அறிவித்தனர். சரிகைக் கரையிட்ட தலைப்பாகை கட்டக்கூடாது. வண்ணக் கரை வேட்டி உடுத்தக்கூடாது. பெண்கள் பொன், வெள்ளி நகையும் அழகிய பாவாடையோ மேற்சட்டையோ அணியக்கூடாது. இந்துப் பெண்களின் பேறுகாலத்தில் ஏவல் செய்ய வேண்டும். கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும். பலாய்கள் இவற்றை ஏற்க மறுத்தார்கள். கிணறுகள் அவர்களுக்கு மூடப்பட்டன. மாடுகளை மேய்க்கவும் தங்கள் வயல்களுக்கு நடந்து போகவும் வழி மறிக்கப்பட்டது. சமஸ்தான அரசிடம் செய்த முறையீட்டால் உரிய காலத்தில் பயன் கிட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு, நூற்றுக்கணக்கானோர் மனைவி மக்களோடு தார், தேவாஸ், பாக்லி, போபால், குவாலியர் முதலிய அண்டைச் சமஸ்தானங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.